துவாரத்தில் ஒடிந்த சாவி: பேராதனை உலகுக்குச் சொன்ன பாடம்



உயர்தர உயிரியலில் 'நொதிய நிரோதம்' என்று ஒரு பகுதி உண்டு. பிள்ளைகள் அதை மனனம் செய்து, பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். நாமும் அப்படித்தான் படித்தோம். ஆனால் அந்தப் பாடத்தின் ஒரு பக்கம் நமது கண்டியில் எழுதப்பட்டது.

நொதியத்தை ஒரு பூட்டாக வைத்துக்கொள்வோம். சில நிரோதிகள் உண்மையான சாவியைப் போல வந்து துவாரத்துக்குப் போட்டியிடும். உண்மைச் சாவிகள் கூடினால் விலகிவிடும். பெரியவர்கள் கொலஸ்ட்ரோலுக்குக் குடிக்கும் ஸ்டற்றின் குளிசை இந்த வகை. வேறு சில, இன்னோர் இடத்தில் ஒட்டிப் பூட்டின் வடிவத்தையே மாற்றும். மூன்றாவது வகை, துவாரத்துக்குள் ஒடிந்து சிக்கும் சாவி. அதுதான் மீளா நிரோதம்.

தோட்டத்துக்கு அடிக்கும் ஒகனோபொஸ்பேற் கிருமிநாசினிகள் இந்த மூன்றாம் வகை. 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிமருந்து தேடியபோது இதே குடும்பத்தில் கிடைத்த 'டபுன்' பின்னர் போர் நஞ்சானது. நரம்பு அனுப்பும் அசற்றைல்கோலினை உடைத்து அகற்றும் நொதியத்தை இவை அடைத்துவிடும். செய்தி நிற்காமல் போய்க்கொண்டேயிருக்க, எச்சிலும் வியர்வையும் பெருகும், கண்மணி சுருங்கும், தசை சோரும், மூச்சு நிற்கும். கார்பமேற் மருந்துகளும் அதே நொதியத்தைத்தான் பிடிக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தாமாகவே விட்டுவிடும். ஒகனோபொஸ்பேற்றின் பிடியோ நேரம் போகப் போக இறுகும். பிறகு உடல் புதிய நொதியத்தை உண்டாக்கியே ஆக வேண்டும். அற்ரோபின் ஊசி எச்சிலையும் சளியையும் அடக்கும், பூட்டைத் திறக்காது.

1987இல் பேராதனை மருத்துவபீடத்தின் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் பத்து நோயாளிகளைப் பற்றி ஓர் அமெரிக்க மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். நஞ்சு உட்சென்று 24 முதல் 96 மணித்தியாலங்களில், முதல் ஆபத்து தணிந்த பிறகு, கழுத்தும் தோளும் மூச்சுத் தசைகளும் சோர்ந்தன. அற்ரோபின் அதற்கு உதவவில்லை. செயற்கைச் சுவாசமே காத்தது. அவர்கள் வைத்த 'இடைநிலை நோய்த்தொகுதி' என்ற பெயரை இன்று உலகமே பாவிக்கிறது.

நாடும் பாடம் படித்தது. மொனோகுரோட்டோபொஸ், மெதமிடொபொஸ் போன்ற கடும் நஞ்சுகள் 1995இல் தடைசெய்யப்பட்டன. அந்த ஆண்டில் இலட்சம் பேருக்கு 47ஆக இருந்த தற்கொலை வீதம் 2005இல் 24ஆகக் குறைந்தது. ஆய்வாளர்கள் இந்தத் தடைகளை முக்கிய காரணமாகக் காண்கிறார்கள். கையெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லையென்றால், அந்த ஒரு கணம் கடந்துபோகிறது. மனிதர் மிஞ்சுகிறார்.

எனவே நாம் செய்ய வேண்டியவை சில. மரக்கறித் தோட்டத்து மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதிருப்போம், பூட்டி வைப்போம். மருந்து பட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். "இப்ப சுகம்தானே" என்று இரண்டாம் நாளே கேட்டு வாங்கி வீட்டுக்குக் கூட்டி வராதிருப்போம். ஆபத்து அந்த நாட்களில்தான் திரும்பி வரும். மனம் உடைந்தவரைத் தனியே விடாதிருப்போம். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்தை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்போம்.