மெய்நிகர் உலகமும் மாற்றுத்திறனாளிகளும்

1968-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய தலையணிக் காட்சிக்கருவி, கூரையில் பொருத்தப்பட்ட இயந்திரக் கரத்தின் துணையால் அணிந்தவரின் தலையசைவை அளந்து, அதற்கேற்பக் கணினி வரைந்த உருவங்களை மாற்றிக் காட்டியது. கணினி படைக்கும் முப்பரிமாண வெளிக்குள் மனிதரை இருத்தும் இந்நுட்பமே பின்னர் மெய்நிகர் தொழில்நுட்பமாக வளர்ந்தது. அதில் மாற்றுத்திறனாளிகள் அண்மையில்தான் இடம்பெற்றனர் என்று கருதுவது தவறு. அதன் தொடக்கக் காலப் பயன்களுள் பல அவர்களுக்காகவே தேடப்பட்டவை.

1980களின் பிற்பகுதியில் விபிஎல் ரிசர்ச் நிறுவனம் விற்ற டேட்டாகிளவ் என்னும் கையுறையில், விரல் மடங்கும்போது ஒளியிழைகளின் வழியே செல்லும் ஒளி குறையும். அக்குறைவைக் கொண்டு கணினி விரலின் நிலையைக் கணிக்கும். பேச இயலாதவரின் கையசைவைக் குரலாக மாற்ற வால்டர் கிரீன்லீஃப் முயன்றது இக்கையுறையைக் கொண்டுதான். 1992-இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நார்த்ரிட்ஜ் வளாகம் மெய்நிகர் தொழில்நுட்பமும் மாற்றுத்திறனாளிகளும் என்னும் பொருள் குறித்துத் தனி மாநாடே நடத்தியது. அதே பத்தாண்டில் ஆரிகன் ஆய்வு நிறுவனத்தில் டீன் இன்மன் குழுவினர், மோட்டார் சக்கர நாற்காலியை இயக்கவும் சாலையைக் கடக்கவும் குழந்தைகளுக்கு விபத்தச்சமின்றி மெய்நிகர் வெளியில் பயிற்சி அளித்தனர்.

2016-இல் ஹெச்டிசி வைவ் போன்ற கருவிகள் சந்தைக்கு வந்தபோது, நின்று நடக்கவும் இரு கைகளையும் ஓங்கி வீசவும் வல்ல உடலே இலக்கணமாகிவிட்டது. முன்னோடிகளின் அக்கறை வணிகத்தில் தொடராதது வருந்தத்தக்க இழப்பாகும். அமர்ந்தபடியும் ஒற்றைக் கையாலும் ஆடும் வசதியை, 2020-இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் போன்ற விளையாட்டுகள் தந்தன.

பார்வையற்றோர்க்கான முயற்சிகளுள் 2018-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட கேன்ட்ரோலர் தனித்துக் குறிப்பிடத்தக்கது. பயனரின் கையிலுள்ள கோல் மெய்நிகர்ச் சுவரில் பட்டதும், அவர் உடலில் அணிந்துள்ள தடைக்கருவி கோலை மேற்கொண்டு நகரவிடாமல் பிடித்துக்கொள்ள, தரையின் தன்மையைக் கைப்பிடியின் அதிர்வும், மோதிய பொருளின் இயல்பை ஒலியும் உணர்த்தும். காட்சியே இல்லாத மெய்நிகர் உலகமும் முழுமையானதாக இருக்கக்கூடும் என்பதை இக்கருவி செய்துகாட்டியது; விற்பனைக்கான பண்டமாக அன்றி, ஆய்வு மாதிரியாகவே அது அமைந்தது.

இத்தகைய தேவைகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2021-இல் ஒரே ஆவணமாகத் தொகுத்தது. எனினும் அது குழுக் குறிப்புரையாக வெளியிடப்பட்டதேயன்றித் தரநிலையாக அன்று. ஆகவே அதைப் பின்பற்றுவது தயாரிப்பாளரின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது.