கிளவுட் பேக்கப் பில் எகிறுகிறதா? எதை அழிக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

கோலார் தங்க வயலில், மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் ஊரில் நிற்கும் சயனைடு மண்மேடுகளைப் பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டீர்கள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு அது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. மேடுகள் அப்படியே நிற்கின்றன. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வரும். ஆனால் உள்ளே கொஞ்சம் தங்கமும் மிச்சம் இருக்கிறது. சுமார் 1,003 ஏக்கரில் உள்ள 13 மேடுகளை மீண்டும் தோண்டும் திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது அதனால்தான்.

உங்கள் அலுவலகத்தின் கிளவுட் பேக்கப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். பெரும்பகுதி கழிவு, எங்கோ கொஞ்சம் தங்கம். மாதிரி எடுத்துப் பார்க்காமல் எது எது என்று சொல்ல முடியாது. அந்த மாதிரி எடுக்கும் வேலைக்குத்தான் பேக்கப் ஆடிட் என்று பெயர்.

பில் ஏன் ஏறுகிறது?

ஒரு சின்ன கணக்கு. தினமும் 100 ஜிபி முழு பேக்கப் எடுக்கிறீர்கள். 30 நாள் மட்டும் வைத்திருந்தால் 3 டெராபைட். 'பழசை அழி' என்று யாரும் ரூல் போடவில்லை என்றால், ஒரு வருடத்தில் 36.5 டெராபைட். ஒரு ஜிபிக்கு மாதம் 2.5 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 75 டாலரில் முடிய வேண்டியது 900 டாலரைத் தாண்டிவிடும். அதுவும் ஒவ்வொரு மாதமும்.

இது கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாதவைதான் தொல்லை. அமேசான் எஸ்3-யில் வெர்ஷனிங் போட்டிருந்தால், நீங்கள் ஒரு ஃபைலை டெலீட் செய்தாலும் பழைய வெர்ஷன் உள்ளேயே இருக்கும், பில்லும் வரும். பெரிய ஃபைல் பாதி அப்லோடில் நின்றுபோனால், அந்தப் பாதித் துண்டுகள் சாதாரண லிஸ்ட்டில் தெரியாது. ஆனால் இடத்துக்குக் காசு உண்டு. சர்வரை நிறுத்தி அழித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள். அதிலிருந்து எடுத்த ஸ்னாப்ஷாட்டுகள் தானாகப் போகாது. எஸ்3-யில் 'ஸ்டோரேஜ் லென்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால் பழைய வெர்ஷன்களும் அரைகுறை அப்லோடுகளும் எவ்வளவு என்று தெரியும். முதலில் அங்கே போங்கள். அரைகுறை அப்லோடுகளை 7 நாளில் நீக்கச் சொல்லி ஒரு லைஃப்சைக்கிள் ரூல் போடுவது பெரிய வேலை இல்லை.

ஸ்னாப்ஷாட் விஷயத்தில் ஒன்று. அவை முந்தையதிலிருந்து மாறிய பகுதியை மட்டும் சேமிப்பவை. பத்தில் ஐந்தை அழித்தால் பில் பாதியாகும் என்று மேனேஜரிடம் சொல்லிவிடாதீர்கள். மற்ற ஸ்னாப்ஷாட்டுக்குத் தேவையான பகுதி அழியாது, அதற்கான காசும் குறையாது.

எதில் கை வைக்கக் கூடாது?

சட்டம் கேட்பதில். செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, சிஸ்டம் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013, கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குக் கேட்கிறது. மின்னணுக் கணக்குகளின் பேக்கப் தினமும் எடுக்கப்பட்டு இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்பது 2022-ல் வந்த திருத்தம். எனவே 'பழசு' என்பது மட்டும் அழிக்கக் காரணம் ஆகாது. ஃபைனான்ஸ் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இருக்கிறதா என்பதை விட, திரும்ப வருமா?

செலவு குறைப்பு என்றதும் எல்லாரும் அழிப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். காசு கொடுத்து வைத்திருக்கும் பேக்கப் வேலையே செய்யாது என்றால், அதுவும் வீண் செலவுதானே? 2017 ஜனவரி 31-ல் ஜிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக மெயின் டேட்டாபேஸை, சுமார் 300 ஜிபி, அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், எஸ்3 பக்கெட் காலி. பேக்கப் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தவில்லை. அதனால் வேலை தோற்றுக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை மெயில்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத் தரவு போனது போனதுதான்.

அதனால் ஆடிட் செய்யும்போது ஒவ்வொரு வகையிலும் ஒரு பேக்கப்பை எடுத்து, தனி சர்வரில் ரீஸ்டோர் செய்து, திறக்கிறதா, எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். அலுப்பான வேலைதான். அதைத் தவிர்த்தால் நீங்கள் செய்வது வெறும் பில் பார்ப்பது.

மலிவான அடுக்குக்கு மாற்றலாமா?

மாற்றலாம், அவசரப்படாமல். கிளேசியரில் வைத்ததை 90 நாளுக்கு முன்பும், டீப் ஆர்க்கைவில் வைத்ததை 180 நாளுக்கு முன்பும் அழித்தால், மிச்ச நாளுக்கும் காசு கட்ட வேண்டும். டீப் ஆர்க்கைவில் இருந்து எடுக்க 12 மணி நேரம் வரை ஆகும். மலிவான வழியில் எடுத்தால் 48 மணி நேரம். வருடக் கணக்குகளுக்கு அது போதும். நாளைக் காலையே தேவைப்படக்கூடிய டேட்டாபேஸுக்குப் போதாது.

அழிக்க முடிவு செய்த ஸ்னாப்ஷாட்டுகளுக்கு, அழிக்கும் முன்பே 'ரீசைக்கிள் பின்' ரூல் போட்டுவிடுங்கள். அழித்த பிறகு போட்டால் பழையவை திரும்ப வராது. யாருடையது என்றே தெரியாத பேக்கப்பை டீம் சாட்டில் போட்டு இரண்டு வாரம் காத்திருங்கள். பெரும்பாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எப்போதாவது ஒருவர், "ஐயோ, அது என்னோடது" என்று ஓடி வருவார்.