பால் காசு யார் கையில் இருந்தது?

குழுவும் பாஸ்புக்கும் வருவதற்கு முன்னால் நம்ம தாம்பரம் பக்கத்துப் பெண்களுக்குச் சேமிப்பு என்று ஒன்று இருந்ததா? இருந்தது. அதுதான் பால் காசு.

சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் எல்லாம் ஏரிப் பாசன ஊர்கள். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்தது. அறுத்தால் வைக்கோல், கரையில் புல். தீனிக்குக் காசு அதிகம் தேவைப்படவில்லை. நெல் விற்ற பணம் அறுப்புக்கு ஒரு தடவை வரும், ஆம்பளைங்க கைக்குப் போகும். பால் காசு வாரா வாரம் வீட்டுப் பொம்பளை கைக்கு வரும். என் பாட்டி எத்தனை ஆழாக்கு, எத்தனை உழக்கு ஊற்றினார் என்று சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்திருந்தார். உப்பு, எண்ணெய், பிள்ளைங்க நோட்டு எல்லாம் அந்தக் காசில்தான். சாணம் வரட்டியாகவும் எருவாகவும் காசானது.

எருமைக்குத் தனி மதிப்பு. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் அளவில் இருக்கும், எருமைப்பாலில் 6, 7 வரை போகும். தயிர் கெட்டியாக உறையும், நெய்யும் கூடுதலாகக் கிடைக்கும்.

1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. குடியேறியவர்கள் பெருக, பால் வாங்குபவர்களும் பெருகினார்கள். ஆனால் அதே வளர்ச்சிதான் பிறகு வயலையும் மேய்ச்சலையும் மனையாக்கியது. நெல் நின்றதும் வைக்கோலை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று.

பால் வியாபாரமும் மாறியது. 1927-இலேயே அயனாவரத்தில் பால் கூட்டுறவு ஒன்றியம் இருந்தது. 1963-இல் மாதவரம் பால் பண்ணை வந்தது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் எடுத்துக்கொண்ட நான்கு பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. தூரத்துக் கிராமத்துப் பால் பாக்கெட்டில் நம்ம வாசலுக்கு வந்தது. கிராமத்துச் சகோதரிகளுக்கு அது நிலையான சந்தை. நம்ம பக்கத்தில் கறவை வைத்திருந்தவர்களுக்கு அது போட்டி.

முதலில் எருமை போச்சு. அதற்கு வியர்வை குறைவு, வெயிலில் தண்ணீரில் படுத்தே ஆக வேண்டும். ஏரி சுருங்கினால் எருமைக்கு இடமில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பில் இன்றும் மேய்கிற எருமைகளைப் பார்த்தால் இது புரியும். பிறகு பசுவும் குறைந்தது. நகரப் பகுதியில் மாடு வளர்க்க உரிமம் வேண்டும் என்று 1997-இல் சட்டம் வந்தது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

இதில் நாம் இழந்தது மாடு மட்டுமில்லை. நிலம் விற்ற பணம் பட்டாவில் பெயர் இருந்தவருக்குப் போனது. மாடு விற்றதும் பெண்ணின் சுருக்குப்பை காலியானது. அதன்பிறகு பத்து ரூபாய்க்கும் கேட்டு வாங்கும் நிலை. 1989-இல் தர்மபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய சுய உதவிக் குழு, அந்தச் சுருக்குப்பையைத்தான் நமக்குத் திருப்பித் தந்தது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது வண்டலூருக்கு அப்பால் இருக்கும் சில சகோதரிகள் கறவை மாட்டுக் கடன் கேட்கிறார்கள். கேளுங்கள், ஆனால் கணக்குப் பார்த்துக் கேளுங்கள். கன்று ஈன்ற மாடு பத்து மாதம் போலக் கறக்கும், அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் வற்றிப்போகும். அந்த மாதங்களிலும் தவிடு, புண்ணாக்கு, தவணை எதுவும் நிற்காது. பசுந்தீவனத்துக்குச் சொந்தமாகவோ குத்தகைக்கோ கொஞ்சம் நிலம் வேண்டும். காப்பீடு கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, சொசைட்டி உறுப்பினர் அட்டையும் பால் பணம் ஏறுகிற வங்கிக் கணக்கும் கறக்கிற உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.