மேலுதட்டுக்குக் கிடைத்த மருந்து

1990களில் காங்கோவிலோ தெற்கு சூடானிலோ ஒருவருக்குத் தூக்கநோய் மூளைவரை ஏறிவிட்டால், டாக்டர் கையில் பெரும்பாலும் இருந்தது மெலர்சோப்ரால் ஊசி. 1949ல் வந்த ஆர்செனிக் மருந்து. நரம்பில் ஏறும்போது நெருப்பாய் எரியும். போட்டுக்கொண்டவர்களில் சுமார் இருபதில் ஒருவர் மருந்தாலேயே செத்தார். போடாவிட்டால் நோய் கொல்லும்.

இதைவிட நல்ல மருந்து ஒன்று இருந்தது. எஃப்ளோர்னிதின். 1970களின் கடைசியில், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்த மெரல் ஆய்வகத்தில் உருவானது. குறி வைத்தது புற்றுநோயை.

செல் பெருகுவதற்கு பாலிஅமீன்கள் வேண்டும். ஆர்னிதினிலிருந்து அவற்றைத் தயாரிக்கும் முதல் படியை ஒரு நொதி செய்கிறது. எஃப்ளோர்னிதின் பார்க்க ஆர்னிதின் மாதிரியே இருக்கும். கூடுதலாக இரண்டு ஃபுளோரின் அணுக்கள். நொதி ஏமாந்து அதன்மேல் வேலையைத் தொடங்கும். அந்த வேலையே மருந்தை உசுப்பிவிட, அது நொதியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். நொதி காலி.

அதே நொதி நமக்கும் இருக்கே, நாம ஏன் சாகல? நம் செல்கள் அதை நிமிடக்கணக்கில் அழித்துப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கின்றன. செட்சி ஈ கடித்து உள்ளே வரும் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணியோ மெதுவாகத்தான் மாற்றும். சர்வர் பாஷையில், நம்முடையது கில் பண்ணினாலும் உடனே ரீஸ்டார்ட் ஆகும் ப்ராசஸ். ஒட்டுண்ணி பெருக முடியாமல் முடங்க, மிச்சத்தை நம் எதிர்ப்பாற்றல் பார்த்துக்கொள்ளும்.

1980ல் நியூயார்க்கில் சைரஸ் பாக்கியின் குழு எலிகளில் இதை நிரூபித்தது. 1990ல் அமெரிக்கா அனுமதித்தது. கோமாவில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்ததால் ‘உயிர்த்தெழுப்பும் மருந்து’ என்றே அழைத்தார்கள். ஆனால் ஒருவருக்கு 14 நாளில் 56 முறை டிரிப் ஏற்ற வேண்டும். நோயாளிகளிடம் காசில்லை. புற்றுநோயிலும் எதிர்பார்த்த பலன் வரவில்லை. 90களின் நடுவில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

2000ல் அதே மூலக்கூறு அமெரிக்காவில் திரும்ப வந்தது, பெண்களின் முகத்தில் முடி வளர்வதைக் குறைக்கும் கிரீமாக. முடியின் வேரிலும் அந்த நொதிதான் வேலை செய்கிறது. மேலுதட்டுக்குக் கிடைத்தது மூளைக்குக் கிடைக்கவில்லை என்ற முரண் வெளியே தெரிய, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அதைப் பிடித்துக்கொண்டது. 2001ல் அவென்டிஸ் நிறுவனம் ஊசிமருந்தை இலவசமாகத் தருவதாக உலக சுகாதார நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. பிறகு நிஃபர்டிமாக்ஸ் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்ததில் 56 டிரிப் 14 ஆனது. 2023ல், குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமாவுக்கு அனுமதி கிடைத்து, புறப்பட்ட இடமான புற்றுநோய்க்கே வந்து சேர்ந்தது.

மருந்து 1990லேயே தயார். அதற்கப்புறமும் ஆர்செனிக் ஊசிக்குக் கை நீட்டிச் செத்தவர்களை எந்த நோயின் கணக்கில் எழுதுவது?