பெருவியூகக் கணினி விளையாட்டுகளில் சமாதானப் பேச்சு

கிராண்ட் ஸ்ட்ராட்டஜி எனப்படும் பெருவியூகக் கணினி விளையாட்டுகளில் ஆடுபவரின் கையில் இருப்பது ஒரு முழு நாடு. வரி, வாரிசு, மதம், வணிகம், படை எல்லாம் அவர் பொறுப்பு. எதிரி நாட்டைப் போரில் வென்றதும் அப்படியே விழுங்கிவிட இவ்விளையாட்டுகள் பெரும்பாலும் இடம் கொடுப்பதில்லை. படை பிடித்த ஊர் போர் முடியும்வரை பிடிபட்ட ஊராகவே இருக்கும். அது சொந்தமாவது உடன்படிக்கை கையெழுத்தான பிறகுதான். போர்க்களத்தில் வென்றவர் பேச்சு மேசையில் எவ்வளவு கேட்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற கேள்விதான் இந்த வகையை மற்றப் போர் விளையாட்டுகளிலிருந்து பிரித்து நிறுத்துகிறது.

கணினிக்கு முன்பே இதற்கு வழிகாட்டியவை பலகை விளையாட்டுகள். அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் உருவாக்கி 1959இல் வெளியிட்ட டிப்ளமசி, முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகளை ஏழு பேரிடம் கொடுத்துப் பேசவிட்டது. அதில் பேச்சு உண்டு, ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லும் விதி எதுவும் இல்லை. பிரான்சின் ஃபிலிப் திபோ 1993இல் வெளியிட்ட யூரோப்பா யூனிவர்சாலிஸ் வேறு திசையில் போனது: போருக்கான காரணம், நாட்டின் நிலைத்தன்மை, சமாதான நிபந்தனை ஆகியவற்றை அது விதிகளாக எழுதி வைத்தது. அதே காலத்துக் கணினி விளையாட்டுகளில் இந்த நுணுக்கம் இல்லை. 1991இல் வந்த சிட் மையரின் சிவிலைசேஷனில் பிடித்த நகரம் அந்தக் கணமே பிடித்தவருக்குச் சொந்தம். சமாதானம் என்றால் சண்டையை நிறுத்துவது, அவ்வளவே.

திபோவின் விளையாட்டைத் தழுவி, ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அதே பெயரில் ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. பின்னாளில் இத்துறையின் பெரும்பகுதி அந்த நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. இந்தக் கட்டுரையும் பெரிதும் அதன் விளையாட்டுகளையே பின்தொடர்கிறது. யூரோப்பா யூனிவர்சாலிஸ் தொடரில் ஊன்றிய முறை ‘வார் ஸ்கோர்’ என்ற போர்ப் புள்ளி. வென்ற சண்டைகளும் முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டைகளும் சேர்ந்து ஒரே எண்ணாகும். நூறைத் தொட்டால் முழு வெற்றி. கேட்கும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் பொற்காசுக்கும் அந்த எண்ணில் ஒரு விலை உண்டு. போரில் சம்பாதித்த புள்ளியைப் பேச்சில் செலவழிப்பது என்ற இந்த ஏற்பாடு எளிமையானது. கால் நூற்றாண்டாக இத்தொடர் இதை முழுதாகக் கைவிடவில்லை.

ஆனால் புள்ளி மட்டும் இருந்தால் வென்றவர் ஒவ்வொரு போரிலும் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போவார். அதைத் தடுக்க வந்ததுதான் அவப்பெயர்க் கணக்கு. தொடக்ககால விளையாட்டுகளில் ஆட்டக்காரர்கள் இதை ‘பேட்பாய்’ என்றார்கள். 2007இல் வந்த மூன்றாம் பாகத்திலும் இதே கணக்குதான் நடந்தது. பிறர் நிலத்தைப் பறிக்கப் பறிக்க இந்த எண் ஏறும். எல்லையைத் தாண்டினால் உலகமே பகையாகும். இதன் பெரிய குறை, உலகம் முழுவதற்கும் ஒரே எண் என்பது. ஸ்காண்டிநேவியாவில் செய்த ஆக்கிரமிப்புக்கு வட ஆப்பிரிக்காவிலும் முகம் சுளித்தார்கள்.

2013 ஆகஸ்டில் வந்த யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 இந்தக் குறையைத் தீர்த்தது. இங்கே அவப்பெயரை ஒவ்வொரு நாடும் தனித்தனியே கணக்கு வைக்கிறது. பக்கத்து நாடு அதிகம் அஞ்சும், தொலைவில் உள்ளது கண்டுகொள்ளாது. பறிபோனது தன் மதத்தவர், தன் பண்பாட்டவர் நிலம் என்றால் கோபம் கூடும். போதுமான அளவு அஞ்சிய நாடுகள் ஒன்றுகூடி ஆட்டக்காரருக்கு எதிராகக் கூட்டணி அமைக்கும். அவற்றில் ஒன்றைத் தொட்டால் அத்தனையும் திரண்டு வரும். பதினான்காம் லூயியும் நெப்போலியனும் அடுத்தடுத்த கூட்டணிகளை எதிர்கொண்டது ஏன் என்பதைப் புரியவைக்க இதைவிடத் தெளிவான விளக்கம் வேறு எந்த விளையாட்டிலும் இல்லை என்றே சொல்லலாம்.

இந்த நான்காம் பாகத்தின் பேச்சுத் திரையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சண்டைகளில் மட்டும் வென்றால் 40 புள்ளிக்கு மேல் கிடைக்காது. மிச்சத்துக்குக் கோட்டைகளைப் பிடிக்க வேண்டும், போரின் குறிக்கோளைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். கோரிக்கைகளில் மாகாணம் மட்டுமல்ல, பத்தாண்டுகளுக்கு எதிரியின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, அடிமைப்பட்ட நாடுகளின் விடுதலை, எதிரியின் உடன்படிக்கைகளை முறித்தல், மதமாற்றம், வெறும் அவமானப்படுத்தல் என ஒரு நீண்ட வரிசை உண்டு. வளமான மாகாணத்துக்கு விலை அதிகம். கோரிக்கைகளைச் சேர்த்துவிட்டு, எதிரி ஏற்பானா என்று காட்டும் குறியின் மேல் சுட்டியை வைத்தால் ஒரு பட்டியல் விரியும்: போர்ப் புள்ளி சாதகமாக இவ்வளவு, நீண்ட போரால் வந்த களைப்பு இவ்வளவு, இன்னும் படை மிச்சமிருக்கிறது என்பதால் பாதகமாக இவ்வளவு. ஒரு மாகாணத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துப் பார்ப்பதில் ஆட்டக்காரர்களின் மணிக்கணக்கான நேரம் போகிறது.

வாங்கிய நிலமும் உடனே இனிப்பதில்லை. அளவுக்கு மீறி வாங்கினால் உள்நாட்டுக் கலகம் வெடிக்கும். கையெழுத்தான பின், வாங்கியதன் அளவுக்கேற்ப 5 முதல் 15 ஆண்டுகள் போர்நிறுத்தக் காலம் ஓடும். அதை மீறுபவரின் நாட்டு நிலைத்தன்மை அடியோடு சரியும். புனித ரோமப் பேரரசில் நடக்கும் மதப் போர் எந்தத் தரப்பும் தன் சமயத்தைத் திணிக்காமல் முடிந்தால், 1648இன் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைபோல இரு சமயத்தவரையும் ஏற்கும் அமைதி பிறக்கிறது. வெல்லாமல் போவதையும் ஒரு வரலாற்று விளைவாக மதித்த அழகான ஏற்பாடு இது.

2012இல் வந்த க்ரூசேடர் கிங்ஸ் 2 பேரத்தையே ஒதுக்கியது. இடைக்கால மன்னன் ஒரு குறிப்பிட்ட உரிமையைச் சொல்லிப் போர் தொடங்குகிறான். வென்றால் அது மட்டும் கிடைக்கும், தோற்றால் இழப்பு, இரண்டுமில்லை என்றால் யாருக்கும் எதுவுமில்லாத சமாதானம். எதிரி மன்னனையே களத்தில் சிறைபிடித்தால் போர் அத்தோடு முடிந்தது. நாடு என்பது ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்த காலத்துக்கு இது பொருந்துகிறது. விண்வெளியைக் களமாகக் கொண்ட ஸ்டெல்லாரிஸ் 2018இன் பெரிய மாற்றத்துக்குப் பிறகு, களைப்பு நூறைத் தொட்டவரை உள்ளது உள்ளபடியே சமாதானத்துக்கு உடன்பட வைக்கிறது.

உண்மையான திருப்பம் விக்டோரியா தொடரில் நடந்தது. விக்டோரியா 2க்கு 2013இல் வந்த ஹார்ட் ஆஃப் டார்க்னஸ் விரிவாக்கம் ‘நெருக்கடி’ என்ற முறையைக் கொண்டுவந்தது: பால்கன் போன்ற பகுதியில் தகராறு சூடேறும்போது வல்லரசுகள் பக்கம் சேர்ந்து பேரம் பேசும், படியாவிட்டால் போர். 1878இன் பெர்லின் மாநாட்டின் சாயல் இதில் இருக்கிறது. 2022 அக்டோபரில் வந்த விக்டோரியா 3 இதையே அடித்தளமாக்கியது. அதில் போரை நேரடியாக அறிவிக்க முடியாது. முதலில் கோரிக்கை, பிறகு எதிர்க்கோரிக்கை, இடையில் மற்ற வல்லரசுகளுக்கு ஆசை காட்டித் தன் பக்கம் இழுத்தல் என்று பதற்றம் படிப்படியாக ஏறும். பின்வாங்குபவர் முதன்மைக் கோரிக்கையை மட்டும் விட்டுக்கொடுத்துத் தப்பலாம். போர் வெடித்த பிறகு கேட்கக்கூடியது, வெடிக்குமுன் கேட்டதுதான். ஒரு குண்டும் சுடாமல் நிலம் கைமாறும் ஆட்டங்கள் இதில் நிறைய. சமாதானப் பேச்சைப் போருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது இத்துறையின் ஆகச்சிறந்த சிந்தனை.

இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்டு 2016இல் வந்த ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4இன் சமாதான மாநாடு நெடுங்காலம் பலவீனமாகவே இருந்தது. போரில் பட்ட இழப்பும் செய்த சேதமும் பங்கேற்புப் புள்ளியாகும். வென்ற நாடுகள் முறைவைத்து அதைச் செலவழித்து நிலத்தை எடுக்கும், பொம்மை அரசை நிறுவும். கணினி நடத்தும் நாடுகள் தொடர்பில்லாத துண்டுகளை அங்கங்கே பிடுங்கியதால் வரைபடம் கந்தலானது. ஆட்டக்காரர்கள் அதை ‘பார்டர் கோர்’ என்று சொல்லிச் சலித்துக்கொண்டார்கள். 2022 செப்டம்பரில் வந்த பை பிளட் அலோன் விரிவாக்கத்தோடு மாநாடு திருத்தி எழுதப்பட்டது. ஒரே நிலத்தை இருவர் கேட்டால் ஏலம் ஏறும். இழப்பீடு, படைவிலக்கப்பட்ட பகுதி, மூலவளங்களின் மேல் உரிமை, தோற்றவரின் போர்க்கப்பல்கள் ஆகியவற்றையும் கேட்கலாம்.

அப்போதும் தோற்ற நாட்டுக்கு அந்த மாநாட்டில் வாய் இல்லை. 1919இன் வெர்சாய்க்கு இது பொருந்தும். ஜெர்மனியைக் கலந்துபேசாமலே அங்கே நிபந்தனைகள் எழுதப்பட்டன. ஆனால் 1814–15இன் வியன்னா மாநாட்டில் தோற்ற பிரான்சின் பிரதிநிதியான தாலிரான், போலந்து–சாக்சனி விவகாரத்தில் வென்றவர்களுக்கிடையே இருந்த விரிசலுக்குள் புகுந்து, தன் நாட்டுக்கு வல்லரசுகளின் வரிசையில் மீண்டும் இடம் வாங்கினார். தோற்றவர் அப்படி வென்றவர்களைப் பிரித்துப் பேரம் பேசும் வழியை மேலே சொன்ன கணினி விளையாட்டுகளில் எதுவும் தரவில்லை. இத்துறை அடுத்து எடுத்துவைக்க வேண்டிய அடி அதுதான்.