உழவர்கரையும் இரு நிலநடுக்கங்களும்

2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்குக் கிழக்கே வங்கக் கடலடியில் 5.5 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அதிர்வு சென்னை வரை உணரப்பட்டது. குஜராத்தின் புஜ் பேரழிவு நிகழ்ந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. நிலம் அதிர்ந்தால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பதே அன்று பரவலாக அறியப்பட்டிருந்த தற்காப்பு. பெருஞ்சேதம் விளையாமையால் இந்நிகழ்வு விரைவில் மறக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 காலை சுமத்திரா அருகே நிகழ்ந்த 9.1 அளவிலான நிலநடுக்கத்தின்முன் அத்தற்காப்புப் பயன்படவில்லை. நிலம் பிளந்தது தொலைவில். அழிவு கடல்வழி வந்தது, இரண்டு மணி நேரத்திற்கும் மேலான இடைவெளியில். அவ்விடைவெளியைப் பயன்படுத்த இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை.

உழவர்கரை நகராட்சியில் ரெட்டியார்பாளையம் கடலிலிருந்து விலகியிருப்பது. காலாப்பட்டின் மீனவர் குடியிருப்புகளோ கரையிலேயே அமைந்தவை. ஆகவே ‘உழவர்கரையின் பேரிடர் அனுபவம்’ என ஒருமையில் எழுதுவது பிழையாகும். மீட்சியையும் மீளக் கட்டப்பட்ட வீடுகளைக்கொண்டு மட்டும் அளத்தல் போதாது. எதிலிருந்து, எத்திசையில் விலகுவது என்னும் அறிவு மாறியதா என்பதும் ஆய்வுக்குரியது.

ஐதராபாத்தில் 2007இல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடலடி அதிர்ந்தபோது, சென்னையில் மக்கள் கட்டடங்களைவிட்டு வெளியேறினர், கடற்கரையிலிருந்தும் அகற்றப்பட்டனர்.