'வேணும்' என்ற சொல்லும் அன்றாட ஜெபமும்

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபாத், ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை முகாமாக இருந்த பாலாற்றங்கரை ஊர். இன்று அங்கிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் சாலையில் பொழுதைத் தொழிற்சாலை ஷிஃப்டுகளே பிரிக்கின்றன. காலை ஜெபமும் இரவு ஜெபமும் சொல்லி வளர்ந்த கிறிஸ்தவர் ஒருவர், இரவுப் பணி முடித்து விடியலில் உறங்கச் செல்லும்போது அந்த ஒழுங்கை எவ்வாறு காப்பார்? குருவும் கோயில் மணியும் எட்டாத நேரத்தில் விசுவாசத்துக்கு எது உணவாகும்? தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டினால், அதன் தொடக்க காலத்திலேயே இக்கேள்வி நிற்பதைக் காண்கிறோம்.

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535க்கும் 1537க்கும் இடையே, போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடித் திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். ஆனால் அவர்கள் மொழியில் போதிக்க ஆளில்லை. பெயர் மாறியது, அன்றாட வாழ்வில் வேறெதுவும் மாறவில்லை. 1542ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்தார். அவருடைய தாய்மொழி பாஸ்க், மக்களுடையதோ தமிழ். இருமொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, ஜெபங்களைத் தமிழாக்கச் செய்து, தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். பின்னர் கையில் மணியுடன் தெருத்தெருவாக நடந்து, நாளுக்கு இருமுறை சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

அவர் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இவ்விவரங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. அன்று கற்றதைப் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்கும் பொறுப்பை அவர் சிறுவர்களிடமே ஒப்படைத்தார். ஓரூரை விட்டுப் புறப்படுகையில் ஜெபங்களின் எழுத்துப்படி ஒன்றை விட்டுச் சென்றார். எழுதத் தெரிந்தோர் அதைப் பெயர்த்தெழுதி, மனப்பாடம் செய்து, நாள்தோறும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. கடலும் காற்றும் வேலை நேரத்தை முடிவு செய்யும் மக்களுக்கு, நினைவில் சுமக்கும் ஜெபமே பொருந்தியது எனலாம்.

ஆயினும் மனப்பாடத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. அதே 1544இல் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றில் சவேரியார் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிவந்த இடத்தில், விசுவசிக்கிறேன் என்ற பொருள் தரும் சொல்லை இடுமாறு கேட்டுக்கொள்கிறார். 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்றல்லவா பொருள்! 'நம்புகிறேன்' என்று அறிக்கையிட வேண்டிய மக்கள், அதுவரை 'வேண்டும்' என்று கேட்டுக்கொண்டிருந்தனர். ஜெபத்தைப் பரப்பிய அதே பழக்கம் பிழையையும் பரப்பியிருந்தது.

இத்திருத்தும் பணியைப் பின்னர் முறையாக ஏற்றவர் அன்றீக்கே அடிகளார். அவர் தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி முடிந்த 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூலாகக் கிடைத்திருக்கும் அது, காவியமோ இலக்கணமோ அன்று. ஜெபங்களும் மறையுரையும் அடங்கிய சிறு கைந்நூல்.

சீர்திருத்த சபையாரிடத்தும் இக்கதை வேறொரு வடிவில் தொடர்ந்தது. பப்ரிசியஸின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772இல் சென்னை வேப்பேரியில் அச்சாயிற்று. அவர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகளும் வீடுகளில் ஒலித்தன. 1820களில் தஞ்சையில் புதிய மிஷனரிகள் மொழிபெயர்ப்பை மாற்றவும் தமிழ் இசையை விலக்கவும் முற்பட்டபோது, கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கடுமையாக எதிர்த்து எழுதினார். தலைமுறைகளாக நாவில் பழகிய சொல்லைப் பறிப்பது உணவைப் பறிப்பதற்கு ஒப்பாகும் என்ற அவர் தரப்பின் வேதனையை நாம் உணர முடிகிறது. ஆனால் அதே எதிர்ப்பில், வழிபாட்டில் சாதி வேற்றுமையைக் கலைக்கலாகாது என்ற வாதமும் இருந்தது. அதை நாம் ஏற்பதற்கில்லை. நெடுநாளைய வழக்கம் என்பதாலேயே சொல்லும் இசையும் சாதியும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டன.

அன்றாடப் பழக்கம் விசுவாசத்தை உயிரோடு வைத்திருக்கும் என்பதற்கு முத்துக்குளித்துறை சான்று. குரு இல்லாத வீடுகளில் சிறுவர்களின் நாவே அதைக் காத்தது. பழக்கம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளாது என்பதற்கும் இவ்வரலாறே சான்று. ஷிஃப்ட் மாறும் வாழ்வில் ஜெபத்தின் நேரம் தவறலாம். மனப்பாடமாகச் சுமப்பவருக்கு எந்த நேரமும் அதற்கு உரிய நேரமே. ஆனால் நாள்தோறும் சொல்வது 'விசுவசிக்கிறேன்' என்பதா, 'வேணும்' என்பதா என்று அவ்வப்போது செவிகொடுத்துக் கேட்பதும் அந்த அன்றாடக் கடமையில் அடங்கும்.